எக்லிப்ஸ் மாடலிங் டூல்ஸ்: நிறுவுவதற்குள் ஒரு வழி ஆகிவிடும், ஆனாலும் நிறுவுங்கள்

ஜாவாவில் கெட்டர், செட்டர் (ஒரு மதிப்பை எடுக்கவும் மாற்றவும் எழுதும் சிறு மெத்தட்கள்) எழுத அலுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை டவுன்லோட் செய்யப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஜாவா 16-லேயே ரெக்கார்ட் வந்துவிட்டது, மதிப்பு மாறாத டேட்டா என்றால் ஒரே வரியில் முடிகிற வேலை அது. புரோகிராம் எழுத உதவும் எக்லிப்ஸ் மென்பொருளின் மாடலிங் டூல்ஸ் என்ற இந்தப் பேக்கேஜும் அதன் இதயமான ஈஎம்எஃப்பும் (எக்லிப்ஸ் மாடலிங் ஃப்ரேம்வொர்க்) வேறு வகை ஆட்களுக்கானவை: மாடலை, அதாவது என்னென்ன பொருள்கள், அவற்றுக்குள் என்ன தொடர்பு என்ற வரைவை, ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து கோடை உருவாக்கி, மாடல் மாறும்போதெல்லாம் திரும்ப உருவாக்கி, அப்படியும் நடுவில் தன் கையால் எழுதிய வரிகள் அழியக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு. நான் அந்தக் கூட்டம்.

முதலில் நிறுவுகிற கதை. இரண்டு வழி இருக்கிறது, நேராகப் பேக்கேஜை இறக்கி விரிப்பது அல்லது எக்லிப்ஸ் இன்ஸ்டாலரை இறக்கி அதில் மாடலிங் டூல்ஸைத் தேர்ந்தெடுப்பது. ஜிப் இறக்குகிறவர்கள் விண்டோஸில் அதை ஆழமான ஃபோல்டருக்குள் விரிக்க வேண்டாம், 260 எழுத்து பாத் வரம்பில் முட்டிக்கொண்டு சில ஃபைல்கள் வராமலே போகும், பிறகு ஐடிஇ, அதாவது எக்லிப்ஸ், ஏன் விநோதமாக நடக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். டிரைவின் வேரிலேயே குட்டிப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு விரித்தால் பிரச்சினை இல்லை. நான் இன்ஸ்டாலர் பக்கம்தான். டீம் முழுவதும் ஒரே பிளகின், ஒரே செட்டிங் வைத்துக்கொள்ள ஒரு செட்டப் ஃபைல் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், அந்தச் செட்டப் ஃபைலே ஒரு ஈஎம்எஃப் மாடல்தான் என்பது தனி வேடிக்கை.

ஜாவா பதிப்புதான் புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புகிறது. 2020-09 பதிப்பு ஓட ஜாவா 11 கேட்டது, 2022-09-இல் அது 17 ஆனது, பிறகு 21-க்கு உயர்ந்துவிட்டது. இது ஐடிஇ ஓடுவதற்கான ஜாவா, உங்கள் புராஜெக்டுக்கான ஜாவா அல்ல. இப்போதைய பேக்கேஜ்களில் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்டும் பகுதி) உள்ளேயே வருவதால் பழைய தலைவலி பாதி குறைந்துவிட்டது. ஆனால் வேறு ஜேடிகேயைக் (கம்பைலரோடு வரும் முழு ஜாவா) காட்ட வேண்டுமென்றால் எக்லிப்ஸ் ஐஎன்ஐ ஃபைலில் விஎம் (-vm) என்ற குறிப்பு ஒரு வரியிலும் அதன் பாத் அடுத்த வரியிலும் இருக்க வேண்டும், இரண்டும் விஎம்ஆர்க்ஸ் (-vmargs) வரிக்கு மேலே இருக்க வேண்டும். ஒரே வரியில் எழுதினால் வேலை செய்யாது. கிளையன்ட் இன்னும் ஜாவா 8-லேயே உட்கார்ந்திருக்கிறாரா, சரி, அந்த ஜேடிகேயை இன்ஸ்டால்டு ஜேஆர்இ பட்டியலில் சேர்த்துவிட்டு, ஜென்மாடலில் (கோடு உருவாக்கும் விவரங்கள் உள்ள ஃபைல்) கம்ப்ளையன்ஸ் லெவலையும், அதாவது எந்த ஜாவாவுக்கான கோடு என்பதையும், மாற்றுங்கள். இரண்டாவதை மறந்தால் புது ஜாவாவுக்கான கோடு வந்து பழைய கம்பைலரில் விழும்.

இனி பொருளுக்கு வருவோம். ஈகோர் ஃபைலில் மாடல் இருக்கும், ஜென்மாடல் ஃபைலில் அதை எப்படிக் கோடாக மாற்றுவது என்ற விவரம் இருக்கும். பஸ் டிப்போ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பணிமனைக்குள் பேருந்துகள், பேருந்துக்கு வழித்தடம். பணிமனை பேருந்துகளைக் கன்டெயின்மென்ட்டாக, அதாவது தனக்குள் அடங்கியவையாக, வைத்திருக்கிறது என்று ஒரு டிக் போட்டால் போதும், ஒரு பேருந்தை இன்னொரு பணிமனையின் பட்டியலில் சேர்த்த கணமே பழைய பட்டியலிலிருந்து அது தானாக நீங்கிவிடும். இருபக்கத் தொடர்பு என்றால் ஒரு பக்கம் மாற்ற மறுபக்கமும் மாறும். எதாவது மாறினால் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தகவல் போகும், எல்லாவற்றையும் எக்ஸ்எம்ஐ (எக்ஸ்எம்எல் வகை) ஃபைலாகச் சேமிக்கவும் முடியும். இதையெல்லாம் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், குறிப்பாக அந்த இருபக்கத் தொடர்பு, அதில் பக் இல்லாமல் எழுதிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் மெர்ஜ்தான், அதாவது புதிதாக உருவாகும் கோடையும் கையால் எழுதியதையும் ஒன்று சேர்ப்பது. உருவாகும் ஒவ்வொரு மெத்தட் தலையிலும் @ஜெனரேட்டட் என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த மெத்தடை நீங்கள் திருத்தினால் குறிப்பின் பின்னால் நாட் என்று சேர்த்துவிடுங்கள், அடுத்த முறை எத்தனை தடவை ஜெனரேட் செய்தாலும் அது தொடப்படாது. குறிப்பு அப்படியே இருந்தால் உங்கள் வரிகள் போயே போச்சு, எந்த எச்சரிக்கையும் கிடையாது. மாடலில் நீக்கிய ஃபீச்சரின் மெத்தட்களை அதுவே கூட்டித் தள்ளிவிடும். ஆனால் கிளாஸின் பெயரை மாற்றினால் புதுப் பெயரில் புது ஃபைல் வரும், பழையது அப்படியே கிடக்கும், நீங்கள் எழுதியவை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும், அதனால் பெயர் மாற்றும்போது முதலில் ஜாவா பக்கம் ரீஃபாக்டர் செய்து பெயரை மாற்றிவிட்டுப் பிறகு மாடலைத் தொடுவதுதான் நிம்மதி. இன்னொன்று, உருவான கோடை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்க்கவே கூடாது என்று சிலர் அடம்பிடிப்பார்கள். பொதுவாக நல்ல கொள்கைதான், ஆனால் இங்கே கையால் எழுதியதும் அதே ஃபைலில் இருப்பதால் சேர்த்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அசிலியோ, எக்ஸ்டெக்ஸ்ட் வேண்டுமென்றால் ஹெல்ப் மெனுவில் இன்ஸ்டால் மாடலிங் காம்பொனென்ட்ஸ் இருக்கிறது. ஈஎம்எஃப் தருகிற ஜாவா போதாது, எஸ்க்யூஎல், கான்ஃபிக், ஆவணம் என்று நமக்கே உரிய வெளியீடுகள் வேண்டும் என்றால் அசிலியோ. டெம்ப்ளேட் எழுதுவது எளிது, கையால் எழுதும் வரிகளுக்குப் புரொடெக்டட் பகுதி என்று தனி இடம் கொடுக்கிறது. எக்ஸ்டெக்ஸ்ட் நம் சொந்த மொழிக்கு எடிட்டரே கட்டித் தரும், அதற்குத் தனியாக ஒரு விமர்சனம் எழுத வேண்டும்.

குறை இல்லாமலா. மாடலுக்கென ஈஎம்எஃப் உருவாக்கித் தரும் எடிட்டரைச் சோதிக்க இரண்டாவது எக்லிப்ஸ் ஒன்று திறக்கும், இரண்டும் சேர்ந்து மெமரியைச் சாப்பிடும் அழகைப் பார்க்க வேண்டும், 8 ஜிபி லேப்டாப்பில் குரோமை மூடிவிட்டு உட்காருங்கள். எக்லிப்ஸுக்கு வெளியே சாதாரண மெயின் மெத்தடில் மாடலைப் படிக்கப் போனால் மாடலின் பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று எக்செப்ஷன் வரும், ரிசோர்ஸ் ஃபேக்டரியையும் (ஃபைலைப் படிக்கும் பகுதியைத் தருவது) அந்தப் பேக்கேஜையும் நாமே பதிவு செய்ய வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள். வலையில் கிடைக்கும் பயிற்சிகளில் பாதி கலிலியோ, ஹீலியோஸ் என்ற பழைய எக்லிப்ஸ் பதிப்புகளின் காலத்தவை, அதாவது 2009, 2010. மெனு பெயர்கூட ஒத்துப்போகாது. ஆனால் ஈகோர் அடிப்படை பெரிதாக மாறவில்லை என்பதால் கருத்துக்காகப் படிக்கலாம்.

எடிட்டரில் தமிழ் லேபிள் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த எடிட்டருக்காக ஈஎம்எஃப் போடும் எடிட் புராஜெக்டில் உருவாகும் பிராப்பர்டீஸ் ஃபைல் வழக்கமாக லத்தீன்-1 என்கோடிங். அதனால் எழுத்துகளை யூனிகோட் எஸ்கேப்பாக (\u0BAA போன்ற குறியீடு) மாற்றி வையுங்கள், இல்லையென்றால் 'பணிமனை' என்ற சொல்லுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். அசிலியோவில் ஃபைல் பிளாக்கின் மூன்றாவது இடத்தில் யுடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் போதும். காசு எதுவும் கிடையாது, இபிஎல் (எக்லிப்ஸ் பப்ளிக் லைசென்ஸ்) உரிமம். ஒரு பதிப்பை டீம் முழுக்க நிலையாக வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற புதுப் பதிப்புக்கெல்லாம் தாவாமல் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அப்டேட் பட்டனைப் பார்த்ததும் அழுத்துகிறவர்களுக்கு மூன்று.