1929க்கு அழைப்பதா, பிரதேச செயலகத்துக்குப் போவதா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை அடிவாங்குவது தெரிந்தால் திருகோணமலையில் இரண்டு வழி உண்டு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கம் இலவசம். இரவு பகல் பாராமல் தமிழிலும் பேசலாம். மூதூர், வெருகல் பக்கம் கடைசி பஸ் போன பிறகு இதுதான் கைகொடுக்கும். அடிப்பவர் சொந்தக்காரர் என்றால், ஊருக்குள் முகம் காட்டாமல் சொல்லவும் இதுவே நல்லது.

பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை அலுவலக நேரத்தில்தான் பிடிக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் விசாரித்து, பிள்ளையைத் தொடர்ந்து கவனிக்கக்கூடியவர் அவர்தான்.

2030க்குள் சிறுவர் மீதான வன்முறையை ஒழிப்பதாக ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 16.2இல் நாடுகள் ஒப்புக்கொண்டன, இலங்கையும்தான். அந்த வாக்கு எங்கள் தெருவுக்கு வருவது இந்த இரண்டு வழியாலும்தான்.

உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119, பிறகு 1929. நாட்பட்ட அடியென்றால் செயலகத்துக்கும் போங்கள். நடந்த திகதிகளை எழுதிக்கொண்டு போங்கள்.