பழைய லாரிக்குக் கதவு பீடிங் ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? 14,500 ரூபாய் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டு கதவுக்கு ரப்பர் பீடிங், அதாவது மழைத் தண்ணீர் இறங்காமல் கதவுச் சந்தை அடைக்கும் பட்டை, செய்து தரச் சொல்லி நான் கட்டிய பணம். வந்து சேர்ந்தது காருக்கு மாட்டும் பிளாஸ்டிக் பீடிங். திருப்பிக் கேட்டால் போனை எடுக்க ஆளில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். காரணம், அந்தக் கடையின் வீடியோவுக்குக் கீழே இன்று காலையில்கூட ஒருவர் தன் பழைய லேலண்டுக்குப் பீடிங் கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று விசாரித்திருக்கிறார். அவர் பணம் கட்டுவதற்குள் இது அவர் கண்ணில் பட வேண்டும். பீடிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஒட்டுவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி டாடா மெர்சிடஸ் பென்ஸ் 1210, 1967 மாடல். டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் கூட்டாக இருந்த காலத்து வண்டி. 1954-ல் தொடங்கிய அந்தக் கூட்டு 1969-ல் முடிந்தது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பா அந்த வண்டியை ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். இப்போது வாடகைக்கு ஓடவில்லை. வீட்டோடு நிற்கிறது, நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன்.

அந்தக் கால லாரிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வருவது சேஸியும் இன்ஜினும் முன்முகமும்தான். கேபினை இங்கே பாடி கட்டும் பட்டறையில் கட்டுவார்கள். தேக்குச் சட்டம் அடித்து மேலே தகடு போர்த்துவது வழக்கம். என் வண்டியும் அப்படித்தான், திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டியது. கதவை அளந்து செய்தவர் ஆசாரி. அதனால் ஒரே மாடல் வண்டிகள் இரண்டு அருகருகே நின்றாலும் கதவு ஒன்று போல இருக்காது. என் வண்டியிலேயே டிரைவர் பக்கக் கதவுக்கும் கிளீனர் பக்கக் கதவுக்கும் சந்து வேறு வேறு. மழைத் தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கினால் சீட்டு நனைவதோடு போகாது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே சட்டம் உளுத்துப்போகும், தகடு பின்பக்கமிருந்து துருப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் பீடிங்கை மாற்றிவிட வேண்டும் என்று நான் துடித்தது இதற்காகத்தான்.

பழைய வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்து தருவதாக வீடியோ போட்டு ஆன்லைனில் விற்கும் கடை அது. பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அதில் பெயர் இருக்கிறது.

முதலில் போனில் பேசியபோது ஒரு நல்ல தொழில்காரரிடம் பேசுகிறோம் என்றுதான் தோன்றியது. "கேபின் கம்பெனிக் கேபினா, கட்டினதா சார்?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அதுவரை நான் விசாரித்த கடைகளில் எவரும் அதைக் கேட்டதில்லை. "கட்டினதுன்னா ரெடிமேட் எதுவும் உட்காராது சார். பழைய ரப்பர் ஒரு துண்டு இருந்தா அனுப்புங்க. அதே அளவுக்கு டை போட்டு இ.பி.டி.எம் ரப்பர்ல இழுத்துத் தர்றோம்" என்றார். அத்தனையும் உண்மையான பேச்சு. டை என்பது ரப்பரை வேண்டிய வடிவத்தில் இழுத்தெடுக்கும் அச்சு. இ.பி.டி.எம் ஒரு செயற்கை ரப்பர். வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் தாங்கும், இயற்கை ரப்பர் போல வெடித்துப் பாளம் பாளமாகப் போகாது. இந்த வேலைக்கு ஏற்ற சரக்கு அதுதான். தொழில் தெரிந்தவர் பேசுகிற மாதிரியே பேசினார்கள், அதை வைத்தே ஏமாற்றினார்கள்.

கீல் பக்கத்தில் பெயின்ட் படாமல், வெயில் படாமல் தப்பித்திருந்த பழைய ரப்பர் ஒரு சாண் நீளத்துக்கு என்னிடம் இருந்தது. அரைவட்டமாக, நடுவில் குழாய் போல வெற்றிடம் விட்ட ரப்பர். தட்டையான அடிப்பக்கத்தைப் பசை போட்டு மரத்தில் ஒட்டியிருப்பார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு மீதியைக் கூரியரில் அனுப்பினேன். கூடவே இரண்டு கதவின் சுற்றளவு, ஒவ்வோர் இடத்திலும் உள்ள சந்தின் அளவு, போட்டோ எல்லாம். டைக்கு 9,000, ரப்பருக்கு 5,500, ஆக 14,500 ரூபாய். "கஸ்டம் வேலை சார், முழுப் பணமும் முன்னாடியே கட்டணும்" என்றார்கள். கட்டினேன். வந்த ரசீதில் ஜி.எஸ்.டி எண் இல்லை. கேட்டதற்கு, "சரக்கோட பில் வரும் சார், கவலையே படாதீங்க, உங்க வண்டி எங்க வண்டி மாதிரி" என்றார் அந்த மனிதர். இந்த வார்த்தைதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

பார்சல் வந்தது. உள்ளே யு வடிவத்தில் உலோகப் பட்டை வைத்த, பக்கத்தில் ஒரு குமிழ் ஓடுகிற பீடிங். கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கதவுச் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பில் அதை அப்படியே தட்டி மாட்டுவார்கள். அந்த உலோகப் பட்டை விளிம்பைக் கவ்விக்கொள்ளும், பசையே தேவையில்லை. காருக்கு அது அருமையான சாமான். ஆனால் என் கேபினில் அந்த விளிம்பே கிடையாது. மரச்சட்டத்தில் எதைக் கவ்வும்? வெட்டி வைத்திருந்த துண்டோடு சேர்த்து வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அகலம் வேறு, உயரம் வேறு, வடிவமே வேறு. பில்லும் இல்லை. நான் அனுப்பிய சாம்பிளும் திரும்பி வரவில்லை.

அது இ.பி.டி.எம்கூட இல்லை. எங்கள் ஊரில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல நண்பர். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பீடிங்கில் ஒரு தொடு தொட்டு, மறுபடியும் சுடரில் காட்டினார். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படி எரியும். பி.வி.சியில் குளோரின் உண்டு, இ.பி.டி.எம்மில் கிடையாது. (வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகையை முகரக் கூடாது.) பி.வி.சி நம் வெயிலில் சில கோடைகளில் விறைத்துச் சுருங்கிவிடும். கதவோடு அமுங்கி நிற்க வேண்டிய சாமான் விறைத்துப்போனால் அது இருந்து என்ன பயன்? பக்கத்து ஊர் சீட் கவர் கடையில் காட்டினேன். மீட்டர் கணக்கில் எங்கும் கிடைக்கிற சரக்குதான், இவ்வளவு நீளத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டாலே அதிகம் என்றார் கடைக்காரர். நான் கொடுத்தது 14,500 ரூபாய்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். முதலில் "போட்டோ அனுப்புங்க" என்றார்கள். அனுப்பினேன். "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா?" என்றார்கள். இருந்தது, அனுப்பினேன். "ஓனர் வெளியூர் போயிருக்கார், வந்ததும் பேசுவார்" என்றார்கள். ஓனர் வரவே இல்லை. பிறகு வேறு ஒருவர் பேசினார். "ஹீட் கன் வச்சுச் சூடு காட்டி ஒட்டுங்க, உட்கார்ந்துக்கும்" என்றார். தகட்டில் மாட்டும் பீடிங்கை மரத்தில் ஹீட் கன் வைத்து ஒட்டச் சொல்கிறார்! "கதவு தொங்கியிருக்கும், உங்க மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். கீலுக்கு புது பின் போட்டு, கதவைத் தூக்கி நிறுத்தி, லாக் பிடிக்கும் இடத்தைச் சரிசெய்த பிறகுதான் கதவுச் சந்தின் அளவையே எடுத்தேன். அளவோடு அனுப்பிய போட்டோவில் அது தெளிவாகத் தெரியும். வெட்டி வைத்திருந்த துண்டைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "அது நீங்க அனுப்பின சாம்பிள்தான்னு நாங்க எப்படி நம்புறது?"

சரி, என் சாம்பிளையாவது திருப்பி அனுப்புங்கள் என்றேன். "தேடிப் பார்க்கிறோம்" என்றார்கள். கடைசியாக வந்த செய்தி, "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது." மீட்டர் கணக்கில் ரோட்டோரம் விற்கிற பீடிங்கை அனுப்பிவிட்டு அதைக் கஸ்டம் ஆர்டர் என்கிறார்கள். அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே நான் எழுதிய கருத்தையும் அழித்துவிட்டார்கள். பணம் போனதைவிட அந்த ஒரு சாண் ரப்பர் போனது எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கேபினில் என்ன ரப்பர் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இப்போது மிஞ்சியிருப்பது கட்டைவிரல் அகலத் துண்டு மட்டும்.

1915-ல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைனில் விற்கும் நிறுவனம் தன் சட்டபூர்வப் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரி பெயர் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தக் கடையின் பக்கத்தில் இருந்தது ஒரு செல்போன் எண் மட்டும்தான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 14,500 ரூபாய்க்கு யார் இவ்வளவு அலைவார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் அலைவேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் இருக்கிற மனநிலையில் முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

உங்கள் கேபின் தகட்டு விளிம்பு உள்ளதா, மரச்சட்டமா என்று பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். விளிம்பு இல்லையென்றால் ஒட்டும் வகை மட்டும்தான் உதவும். பழைய ரப்பர் நசுங்கியிருக்கும், அதன் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சந்தில் அங்கங்கே வைத்துக் கதவை மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்துகொள்ளுங்கள். ரப்பர் அந்தக் கனத்துக்கு மேல் இருக்க வேண்டும், மூடும்போது தன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். ரொம்பக் கனமாகப் போட்டால் கதவை அறைந்து மூட வேண்டிவரும், கீல் போய்விடும். ஸ்பான்ஜ் என்று கொடுத்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் குடித்தால் வாங்காதீர்கள். ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள், மூலைகளில் முக்கியமாக. இழுத்தது பின்னால் சுருங்கும், இடைவெளி விழும். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை ரப்பரோ பசையோ அடைக்கக் கூடாது.

சாம்பிள் முழுவதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். வெட்டு முகத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, அளவு எழுதி அனுப்பினால் போதும், டை போடத் தெரிந்தவனுக்கு அது பத்தும். முதலில் ஓர் அடி நீளம் இழுத்து அனுப்பச் சொல்லுங்கள், கதவில் வைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணம். ஜி.எஸ்.டி எண்ணும் கடை முகவரியும் இல்லாதவனிடம் முன்பணம் வேண்டாம். ஏற்கெனவே இதே மாதிரி ஒரு கடைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள், பேச்சு மழுப்பலாக ஆரம்பித்ததுமே 1915-ஐ அழையுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பணம் போன கணக்கே போலி என்று சந்தேகம் வந்தால் 1930, அதாவது சைபர் மோசடிப் புகார் எண், அதுவும் அதே நாளிலேயே. வாட்ஸ்அப் உரையாடலை அவர்கள் அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.