வழக்கமான கோர்ட்டா, படைவீரர் கோர்ட்டா?

அக்கா மகன் ஆப்கானிஸ்தான் போய்வந்த அமெரிக்கப் படைவீரன். கலிஃபோர்னியாவில் குடித்துவிட்டு கார் ஓட்டிச் சிக்கியபோது அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம், புரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே விடுவது) என்று முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முன்னாள் படைவீரர் சிகிச்சை நீதிமன்றம். வீட்டில் எல்லோரும் பேசி இரண்டாவதையே எடுத்தோம்.

முதல் வழி சீக்கிரம் முடியும், சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லும் பாடும் குறையும். ஆனால் தண்டனை பதிவாகிவிடும். சிறு குற்றம் செய்த படைவீரருக்கு, பணியால் வந்த மனப்பாதிப்போ தலைக்காயமோ போதைப் பழக்கமோ இருந்தால், வழக்கை நிறுத்திவைத்து சிகிச்சைக்கு அனுப்ப 2015 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. அவன் இருக்கும் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அதைப் படைவீரர் கோர்ட்டே கவனிக்கிறது. (லைசென்ஸ் தனிக்கதை, மோட்டார் வாகனத் துறை அது பாட்டுக்கு முடக்கும்.)

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: சிகிச்சையை யார் ஏற்பாடு செய்வது? புரொபேஷனில் ‘கவுன்சலிங் போ’ என்று உத்தரவு வரும். இடம் தேடுவது, இன்சூரன்ஸ், காத்திருப்பு எல்லாம் அவன் பாடு. ராத்திரி தூங்காமல், போனையும் எடுக்காமல் கிடப்பவன் அதையெல்லாம் செய்வானா? படைவீரர் கோர்ட்டிலோ, படைவீரர் நலத்துறையின் அலுவலர் அங்கேயே இருக்கிறார். அவரே மருத்துவமனையில் தேதி வாங்குகிறார். போனானா இல்லையா என்று அடுத்த வாய்தாவில் நீதிபதி கேட்கிறார். கூடவே, சம்பளம் வாங்காத ஒரு முன்னாள் வீரர் வழிகாட்டி. எங்களிடம் வாயே திறக்காதவன் அவரிடம் பேசினான். 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இந்த மாதிரி கோர்ட்டைத் தொடங்கிய நீதிபதி ராபர்ட் ரஸ்ஸலும் இதைத்தான் கண்டார். தன் முன் எதற்கும் அசையாமல் நின்ற வியட்நாம் வீரரிடம், அதே போருக்குப் போன ஊழியர்களை வெளியே கூட்டிப்போய்ப் பேசச் சொன்னார். திரும்பி வந்தவர் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

தொல்லையும் உண்டு. இரண்டு வருஷம் வரை இழுக்கலாம். வாய்தா, சிறுநீர்ப் பரிசோதனை என்று வேலைக்கு அடிக்கடி லீவு போட வேண்டும். பாதியில் கைவிட்டால் பழைய வழக்கு மறுபடி உயிர் பெறும். சிகிச்சை தேவைப்படாத ஆளுக்கு முதல் வழியே மேல். நாங்கள் பார்த்தது யாருக்கும் அடிபடாத வழக்கு. அடிதடி வழக்குக்கு இதை வைத்து ஒன்றும் சொல்லமாட்டேன்.

வக்கீலிடம் போகும்போது ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றான டிடி-214-ஐ எடுத்துப்போங்கள். அதில் அவமரியாதையாக வெளியேற்றப்பட்டவர் என்றிருந்தால் நலத்துறைச் சிகிச்சையே பெரும்பாலும் கிடைக்காது.