அம்மா அறைச் சுவரும் ஒரு சுருள் நீல டேப்பும்

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. அவர் அறையில் சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, கதவு நிலையும் வெள்ளை, தரையும் வெளிர் நிறம். ராத்திரி எழுந்தால் கதவு எங்கே என்று சுவரைத் தடவிக்கொண்டே போவார். அதனால்தான் சுவரை இரண்டு நிறமாக அடிப்பது என்று முடிவு செய்தேன். கீழே அடர் நிறம், மேலே வெளிர் நிறம், நடுவில் கட்டிலிலிருந்து கதவு வரை ஓடும் ஒரு கோடு. அந்தக் கோடு சுத்தமாக விழக் காரணமாக இருந்த டேப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் நீல நிறப் பெயிண்டர் டேப், 36 மில்லிமீட்டர் அகலம், 25 மீட்டர் சுருள், பசை குறைவானது. சுவரில் 14 நாள் வரை விடலாம் என்று உறையில் போட்டிருந்தது.

நிறத்தை அம்மாவே சொல்லிவிட்டார்: மயில்கழுத்து. மேலே சந்தன நிறம். ஷேட் கார்டைப் பார்த்து அழகாக இருக்கிறதா என்று மட்டும் யோசிக்காமல், ஒவ்வொரு நிறத்துக்கும் போட்டிருக்கும் எல்.ஆர்.வி. எண்ணையும் பார்த்தேன். விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான எண் அது. 0 என்றால் கருப்பு, 100 என்றால் வெள்ளை. பார்வை குறைந்தவர்களுக்காக இடங்களை அமைக்கும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்குள் குறைந்தது 30 புள்ளி வித்தியாசம் இருக்கட்டும் என்பார்கள். நாங்கள் எடுத்தது ஒன்று 14, மற்றது 76. மங்கலான விளக்கிலும் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

கோட்டின் உயரம் 95 சென்டிமீட்டர். சுவரின் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. சரிபாதியில் போட்டால் அறை இரண்டாக வெட்டுப்பட்டது போல, கூரையும் இறங்கி வந்தது போலத் தெரியும். ஆனால் நான் கணக்கை விட்டுவிட்டு அம்மாவை நடக்கச் சொல்லி, அவர் கை சுவரில் எங்கே படுகிறது என்று பார்த்துத்தான் குறித்தேன். கை படுகிற இடம் அடர் நிறத்தில் இருந்தால் அழுக்கும் தெரியாது.

குறிக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். தரையிலிருந்து அங்கங்கே அளந்து புள்ளி வைக்காதீர்கள். தரை எல்லா இடத்திலும் மட்டமாக இருக்கும் என்று நம்ப முடியாது. எங்கள் அறையில் நான்கு மீட்டருக்குள் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தது. தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து நான்கு மூலைக்கும் மட்டம் எடுத்து, ரசமட்டத்தைச் சேர்த்துப் பிடித்துப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். நீலப் பொடி தொட்ட நூலை அடிக்க வேண்டாம். பொடி இருக்கிற இடத்தில் டேப் பிடிக்காது, சந்தன நிறத்துக்குள் நீலமும் எட்டிப் பார்க்கும்.

அலமாரி வரப்போகிற சுவரில், கருவிப் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த மஞ்சள் வெள்ளைக் காகித டேப்பை ஒட்டித்தான் ஆரம்பித்தேன். மறுநாள் காலையில் உரித்தபோது மனசு விட்டுப்போனது. விளிம்பெல்லாம் நிறம் கசிந்து ரம்பப் பல் மாதிரி ஆகியிருந்தது. அதைவிட மோசம், உள்ளங்கை அளவுக்கு மேல் பெயிண்ட்டும் அதன் அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசியிருந்த பட்டியும் டேப்போடு சேர்ந்தே வந்துவிட்டன. திரும்பப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, சந்தன நிறத்தை ஏற்ற இரண்டு நாள் ஆனது.

டேப்பின் கதையே இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கார்களுக்கு இரண்டு நிறம் அடிப்பது பரவலாக இருந்த காலத்தில், பெயிண்டர்கள் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி மறைப்பார்களாம். பிரிக்கும்போது அடியில் இருக்கிற பெயிண்ட்டும் கூடவே பெயர்ந்துவிடும். அதைப் பார்த்துத்தான் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் மாஸ்கிங் டேப்பை, அதாவது மறைக்க ஒட்டும் டேப்பை, உருவாக்கினார். ஒட்டவும் வேண்டும், பெயர்க்காமல் வரவும் வேண்டும். எங்கள் வீட்டு மஞ்சள் டேப்புக்கு ஒட்ட மட்டுமே தெரிந்திருந்தது.

நீல டேப்பைச் சந்தன நிறம் அடித்து இரண்டு முழு நாள் காய்ந்த பிறகு ஒட்டினேன். டேப்பின் கீழ் விளிம்பு பென்சில் கோட்டில், டேப் முழுவதும் சந்தனப் பக்கத்தில். நீளமாக இழுத்து ஒட்டினால் வளையும். அதனால் முழ நீளம் முழ நீளமாக விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் விளிம்பை மட்டும் அழுத்தித் தேய்த்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மயில்கழுத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்தக் கீழ் விளிம்பு நெடுக மேலே அடித்த சந்தன நிறத்தையே ஒரு தடவை மெல்லிசாக இழுத்தேன். டேப்புக்கும் சுவருக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளி எப்படியும் இருக்கும். அதில் முதலில் புகுவது சந்தனமாக இருந்தால் சந்தனத்தின் மேல் சந்தனம், கண்ணுக்கே தெரியாது. இடைவெளியும் அடைந்துவிடும். முக்கால் மணி நேரம் காய விட்டுவிட்டு அடர் நிறத்தை ஆரம்பித்தேன். நல்ல டேப்பாக இருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது.

அடர் நிறத்துக்கு இரண்டு கோட் பூச்சு போதவில்லை, மூன்று ஆனது. இப்படிப்பட்ட நிறங்களைக் கலக்கும் பேஸில், அதாவது அடிப்படைப் பெயிண்ட்டில், வெள்ளை நிறமி மிகக் குறைவு, அதனால் அடியை மறைக்கும் சக்தியும் குறைவு. பன்னிரண்டு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான பரப்புக்கு மூன்றரை லிட்டர் பிடித்தது.

கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்து டேப்பின் மேலேயே மடக்கி, 45 டிகிரி சாய்வில், அவசரப்படாமல் இழுத்தேன். மெல்லிய ஒரு கிர்ர் சத்தம், அதன் பின்னாலேயே கத்தியால் கீறினது போல ஒரு கோடு திறந்துகொண்டே வந்தது. மூன்று சுவரிலும் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. சந்தனமும் ஒரு துளி பெயரவில்லை. நான்காவது சுவரில் எடுக்கத் தாமதமாகிப் பெயிண்ட் காய்ந்துவிட்டது. மூன்று கோட்டும் டேப்பின் மேல் ஒரே தோலாகப் படிந்திருந்ததால், இழுத்தால் கிழியும் என்று தெரிந்தது. விளிம்பு நெடுகக் கட்டர் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு எடுத்தேன். அதுவும் சுத்தமாகவே வந்தது.

குறை இல்லாமல் இல்லை. உள்மூலையில் இந்த டேப் மடியாமல் பாலம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூலையில் வெட்டி இரண்டு துண்டாகத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. வெயில் விழும் ஜன்னல் பக்கம் ஐந்தே நாளில் பசை இறுகி, இரண்டு இடத்தில் டேப் நீளவாக்கில் கிழிந்தது. அதனால் 14 நாள் என்பதை வெயில் படும் சுவருக்கு நம்ப மாட்டேன். சொரசொரப்பான சுவராக இருந்தால் இதற்கு வேலையே இல்லை, மேடுகளில் மட்டும் ஒட்டிப் பள்ளத்தில் வழி விட்டுவிடும். பிரைமர் காணாத பட்டிச் சுவரில் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள்.

சுருளை வைக்கும் விதமும் முக்கியம். வெறுமனே விட்டால் பக்க விளிம்பில் தூசி ஒட்டிக்கொள்ளும். கோடு போடுவதே அந்த விளிம்புதான். வாங்கி வந்த உறைக்குள்ளேயே போட்டு மூடி, படுக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அம்மா சுவர்ப் பக்கம் போய்க் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். மூன்று கோட் ஏறியதில் நிறம் மாறும் இடத்தில் மயிரிழை அளவு ஒரு படி இருக்கிறது. "விரலுக்கே தெரியுதேடா" என்றார். அப்படியே கட்டிலிலிருந்து கதவு வரை விரலை எடுக்காமல் நடந்து போனார். அடர் நிறத்துக்கு நடுவே வெள்ளைக் கதவு நிலை இப்போது தனியாகத் தெரிகிறது என்கிறார்.

இந்தக் கோட்டை நடை வழியாகக் குளியலறைக் கதவு வரை கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். சுருளில் மிச்சம் ஐந்து மீட்டர்தான் தேறும். இதே நீல டேப்பில் இன்னொன்று வாங்க வேண்டும்.