பிரிந்து வாழும் பெற்றோர் கவனத்துக்கு: 8332 படிவத்தில் வருடம் எழுதாமல் கையெழுத்து வாங்குகிறார்கள்

அமெரிக்காவில் டைவர்ஸ் ஆகி, குழந்தையை வரிக்கணக்கில் யார் காட்டுவது என்று பேசி முடித்தவர்கள், கையெழுத்துப் போட்ட 8332 படிவத்தின் (அந்த உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் படிவம்) நகலை இன்றே கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் நியூ ஜெர்சி. மகள் என்னோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு அப்பா வீடு. இரட்டைப்படை வருடம் அவர் க்ளெய்ம் செய்வது, ஒற்றைப்படை வருடம் நான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் 2008க்குப் பிந்தைய டைவர்ஸ் தீர்ப்பை மட்டும் காட்டினால் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஏற்காது. வருடத்தில் அதிக இரவு குழந்தை யார் வீட்டில் தூங்குகிறதோ, அவர் 8332இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மற்றவர் க்ளெய்ம் செய்யலாம்.

2024 கணக்குக்கு, வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குப் புகழும் ஒரு தமிழ் டாக்ஸ்காரரிடம் போனோம். எனக்கும் அவர், முன்னாள் கணவருக்கும் அவர். (இது சரிப்படுமா என்று அம்மா அப்போதே கேட்டாள்.) படிவத்தின் முதல் பகுதி அந்த ஒரு வருடத்துக்கு, இரண்டாம் பகுதி வரும் வருடங்களுக்கு. இரண்டிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரண்டாவதில் வருடம் காலி. கேட்டதற்கு, "அது சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்க்கா, ரெண்டு எடத்துலயும் போட்ருங்க, மத்தத நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றார்.

இந்த பிப்ரவரியில் என் 2025 கணக்கு ரிஜெக்ட் ஆனது. மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே இன்னொரு கணக்கில் வந்துவிட்டதாம். முன்னாள் கணவரிடமிருந்து நகல் வாங்கிப் பார்த்தால், காலியாக இருந்த இடத்தில் "இனி வரும் எல்லா வருடங்களும்" என்று டைப் செய்திருக்கிறது. "நீதானே கையெழுத்து போட்ட?" என்கிறார் அவர்.

மூன்றாம் பகுதியில் ரத்து செய்யலாம். ஆனால் இந்த வருடம் ரத்து செய்தால் 2027 கணக்குக்குத்தான் செல்லும். 2025இன் சைல்டு டாக்ஸ் கிரெடிட் (குழந்தைக்கான வரிச்சலுகை) 2,200 டாலருக்கு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பநல நீதிமன்றம்தான் போக வேண்டும். வக்கீல் ஃபீஸ் அதைவிடப் பெரிதாக வரும் போலிருக்கிறது.

இதைவிட எரிச்சல் இன்னொன்று. "கொழந்தைய அவர் காட்டுறாரு, அப்ப நீங்க சிங்கிள்தான்க்கா" என்று 2024இல் என்னை சிங்கிளாகவே ஃபைல் செய்துவிட்டார். சுத்தத் தப்பு. 8332இல் கைமாறுவது குழந்தையை டிபென்டென்ட் (தன்னைச் சார்ந்தவர்) என்று காட்டும் உரிமையும் சைல்டு டாக்ஸ் கிரெடிட்டும்தான். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு (குடும்பத் தலைவர்) தகுதியும் டேகேர் செலவுக்கான கிரெடிட்டும் குழந்தையை வைத்திருப்பவரிடமே இருக்கும். 2024இல் சிங்கிளுக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் (வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை) 14,600 டாலர், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 21,900. வீட்டு வாடகையிலிருந்து பால்பாக்கெட் வரை என் சம்பளத்தில் ஓடும் வீடு இது. நல்லவேளை, மூன்று வருடத்துக்குள் திருத்தலாம், 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தை அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் பழைய 1040இன் (வரிக்கணக்குப் படிவம்) இரண்டாம் பக்கத்தைக் கடைசி வரை பார்த்தேன். பணம் வாங்கிக்கொண்டு கணக்கு போடுபவர் அடியில் கையெழுத்தும், டாக்ஸ்காரர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் பி.டி.ஐ.என். எண்ணும் போட வேண்டும். அந்தக் கட்டம் வெறுமை. நானே ஃபைல் செய்ததுபோல அனுப்பியிருக்கிறார். ஸெல் (Zelle) பணப் பரிமாற்றத்தில் ஃபீஸ் மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.

அவர் மேல் 14157 படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் புகார் அனுப்பியாயிற்று. ரத்து நோட்டீஸ் முன்னாள் கணவருக்கு சர்டிஃபைடு மெயிலில் போயிருக்கிறது. சேர்ந்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் கேட்பார்கள். அந்த டாக்ஸ்காரர் அதே குழுவில் இந்த சீசனுக்கும் தள்ளுபடி விளம்பரம் போட்டிருக்கிறார். அவரிடம் கொடுத்தவர்கள் முதலில் உங்கள் 1040இன் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.