ஃப்ளாஷா, எல்இடியா? பரதப் படங்களுக்கு எது

தாவும் அடவில் கால் தரையை விட்டெழும் கணத்தை அப்படியே நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டுடியோ ஃப்ளாஷ்தான். ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. அசைவை நிறுத்துவது ஷட்டரல்ல, ஃப்ளாஷ் எரியும் நேரம். விற்பனைத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது டி 0.5 (ஒளி உச்சத்தில் பாதிக்கு மேல் இருக்கும் நேரம்), நீங்கள் பார்க்க வேண்டியது டி 0.1 (உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் நேரம்). அது 1/1000 நொடியைவிட நீண்டால் முத்திரை பிடித்த விரல்நுனி கலங்கிவிடும். ஒளியை மின்னணு முறையில் பாதியில் துண்டிக்கும் ஐஜிபிடி வகை விளக்கில் சக்தியைக் குறைத்தால் இந்த நேரமும் சுருங்கும்; பழைய மோனோலைட் (மின்பகுதியும் விளக்கும் ஒரே பெட்டியில் உள்ள ஃப்ளாஷ்) பலவற்றில் நேர்மாறு. முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வராவிட்டால் அறை வெளிச்சம் நுழைந்து, காலுக்குப் பின்னால் நிழல்வால் விழும்.

தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கில் அதே தாவலுக்கு ஷட்டர் குறைந்தது 1/500 வேண்டும். பெரும்பாலும் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 வரை போக நேரிடும். துளை அவ்வளவு திறந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும்; முன்நீட்டிய கை தெளிவாக, முகம் மங்கலாக வரலாம். இன்னொரு தொல்லை கூரை விளக்கு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் வேக ஷட்டரில் படத்தில் பட்டை விழும். அணைத்துவிடுங்கள்.

ஆனால் முகபாவம் காட்டும் அபிநயத்துக்கு எல்இடியே மேல். 1/160 போதும், கண் சிமிட்டல் தொல்லை குறைவு, ஃப்ளாஷ் மறுபடி நிரம்பக் காத்திராமல் அடுக்கடுக்காக எடுக்கலாம்.

எதுவானாலும் ஒளியை மென்மையாக்கும் 120 செ.மீ. துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸ் மாட்டுங்கள், வெறும் விளக்கில் நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் வெளுத்துப்போகும். நடனக்கூடத்துக் கண்ணாடிச் சுவருக்குக் கறுப்புத் துணி அவசியம்.