ஸீஸா, ஸ்னாட்சா?

ஸீஸ் (seize), ஸ்னாட்ச் (snatch) என்ற இந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் அகராதியில் ‘பறித்தல்’ என்று பார்த்துவிட்டு மாற்றி எழுதிவிடுகிறோம்.

வேகம்: ஸ்னாட்ச் என்றால் வெடுக்கென்று பிடுங்குவது. ஸீஸுக்கு அவசரம் கட்டாயமில்லை, பிடிதான் முக்கியம்.

அதிகாரம்: சுங்கத்துறை கடத்தல் பொருளைப் பறிமுதல் செய்தால் ஸீஸ். படை நகரைக் கைப்பற்றினாலும் அதுவே. கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடினால் ஸ்னாட்ச்.

வேறு பொருள்: வாய்ப்பை விடாமல் பற்றிக்கொள்வது ஸீஸ். அப்புறம், எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகி நின்றாலும் அதே சொல்தான். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு இது. கிடைத்த பத்து நிமிடத்தில் கண்ணயர்வது ஸ்னாட்ச்.

எழுத்து: ஆங்கிலத்தில் ஸீஸ் எழுதும்போது ‘ஈ’ (e) முன்னால், ‘ஐ’ (i) பின்னால். பலர் தவறுவது இங்கேதான்.

சரி, எதை எழுதலாம்? சட்டமோ படையோ பின்னால் நின்றால் ஸீஸ். கைவேகம் மட்டும்தான் என்றால் ஸ்னாட்ச்.